பொலித்தீனுக்குள் இருந்த முகம்

அம்பிட்டிய
9 ஜூன் 2024

றலியா,

போனை எடுக்க மாட்டாய். வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பாய். வேறு என்னதான் செய்வது? கெலிஓயாவுக்குப் போய் உன் வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையில் உன் ராத்தா வீட்டு முகவரியைக் கேட்டேன். சிமெந்துப் பையின் ஓரத்தைக் கிழித்து அதில் எழுதித் தந்தார். "என்ன புள்ள, ரெண்டு பேருக்கும் கோவமா?" என்று கேட்டார்.

"தெரியாது அங்கிள்" என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்து நாம் மண் வேலை செய்யும் கராஜைத் திறந்தால் உன் ஏப்ரன் இல்லை, மரக்கத்தி இல்லை, நீ மண்ணில் கீறல் போடும் முள்ளுக்கரண்டிகூட இல்லை. பஸீஹா ராத்தாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, தங்கச்சி நீ உதவிக்குப் போயிருக்கிறாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிள்ளை பார்க்கப் போகிறவள் முள்ளுக்கரண்டியை எதற்குக் கொண்டுபோகிறாள்?

நம் மண் பெண் இன்னும் பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். நாம் செய்தவற்றில் அவள்தான் பெரியவள். நீ இல்லாமல் எதையும் தொடக்கூடாது என்று பொலித்தீனை எடுத்துவிட்டுக் காயவிட்டேன். இப்போது எலும்புபோல் காய்ந்துவிட்டாள். சூளையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

போன கிழமை கொழும்பிலிருந்து நிலூஷா மிஸ் வந்தார். கலைக்கூடம் நடத்துகிறவர், போன வருடம் நம் கிண்ணங்களைப் படம் பிடித்தாரே, அவர்தான். அவளைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "முகம் யாருடைய கை?" என்று கேட்டார். "றலியாவுடையது" என்றேன். கையால் செய்த மண் சிற்பங்களை மட்டும் வைத்து ஓகஸ்டில் ஒரு கண்காட்சி நடத்தப் போகிறாராம். சுட்டு வை, ஜூலை கடைசியில் வண்டி அனுப்புகிறேன் என்றார்.

ஆறு வருடமாக இந்தக் கராஜில் கிடக்கிறோம், றலியா. முதன்முதலாக நம்மைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார்.

அவளுக்கு நீ முகம் வைத்திருந்ததைப் பார்த்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நோன்பிலிருந்து உன்னைப் பிடித்திருந்த குழப்பம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அதைப் பற்றி விசாரித்தால் உன் மனம் கலைந்துவிடுமோ என்று பயந்து ஒன்றும் கேட்கவில்லை. இமைகளை மட்டும் சேர்த்தேன். அது பிழையா? பிழை என்றால் சொல்.

கிறேஸ்


நாவலப்பிட்டி
15 ஜூன் 2024

கிறேஸ்,

போனில் உன் குரலைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் எடுக்கவில்லை. எழுதுவது நல்லது. இங்கே வந்துவிடாதே.

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்துவிட்டேன், எனக்கு விளங்கவில்லை. நான் முகம் வைத்தேனா?

நோன்பு முடிந்து வந்த முதல் நாள் நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கத்தான் வேண்டும். இனி முகம் செய்ய மாட்டேன் என்றேன். உயிர் கொடுக்க முடியாத என் கைக்கு ஒரு முகத்தைக் கொடுக்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, தெரியும்வரை செய்ய மாட்டேன் என்றேன். நீ யோசித்துவிட்டு, "அப்போ இவளுக்கு முகம் வேணாம், முட்டை மாதிரி விட்டுருவோம். அதுவும் அழகாத்தான் இருக்கும்" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக உன்னைக் கட்டிப்பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தலையை இருவருமாக வழுவழுப்பாக்கினோம். ஈரத்துணியால் மூடிப் பொலித்தீன் போட்டோம். திங்கள் காலை நான் வந்து திறந்தால், கண்ணுக்கு இரண்டு குழி. நடுவில் மூக்குப்போல ஒரு மேடு. அதன் கீழே திறந்த வாய்போல ஒரு பிளவு.

ஞாயிறு பூசை முடிந்து வந்து நீ தனியாக இருந்து செய்திருக்கிறாய் என்று நினைத்தேன். என்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, என் பின்னால் வேறொன்றைச் செய்திருக்கிறாய். என் சந்தேகத்தைச் சின்னப் பிள்ளையின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டாய் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை இமைகளும் வந்துவிட்டன. அதற்குமேல் எனக்கு அங்கே என்ன வேலை?

இப்போது முகம் என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய். நான் கோபப்படுவதா, பயப்படுவதா?

றலியா


அம்பிட்டிய
20 ஜூன் 2024

றலியா,

நான் செய்யவில்லை. மாதா மேல் சத்தியம். அந்த ஞாயிறு பூசைக்குப் பிறகு கராஜ் தந்த சுவக்கின் அண்ணனோடு கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போனேன். என் கராஜ் சாவி கைப்பைக்குள்ளேயே இருந்தது.

திங்கள் பின்னேரம், நீ போன பிறகு, நான் திறந்தபோது குழிகளும் மூக்கும் இருந்தன. வாய் மூடியிருந்தது. பிளவு எதையும் நான் பார்க்கவில்லை. உதடுகள் இருந்தன, றலியா. கீழுதடு ஒரு பக்கம் சற்றே உள்வாங்கி, எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டவளைப்போல. அப்படி ஓர் உதட்டை எனக்குச் செய்ய வராது. உன்னைத் தவிர யார் செய்ய முடியும்?

இத்தனை வருடத்தில் என் கை உனக்குத் தெரியாதா? முதல் வருடம் உள்கூட்டுச் சுவர் தடிப்பாக ஒரு தலை செய்து, காயுமுன் சூளையில் வைத்து வெடித்துத் தூளாக்கியவள் நான். மண்ணைத் திரியாக உருட்டி வட்டம் வட்டமாக ஏற்றும்போது நீ அவசரப்பட்டு ஈரத்தின்மேல் ஈரத்தை வைப்பாய். நான் பின்னால் வந்து பொருத்துகளை அழுத்தி மூடுவேன். நீ தொடங்குவாய், நான் முடிப்பேன். இன்றுவரை ஒரு வெறும் பலகையின் முன்னால் நான் தனியாக உட்கார்ந்ததே இல்லை. வெறும் முட்டையில் முகத்தைத் தொடங்கும் தைரியம் எனக்கு எங்கிருந்து வரும்?

அண்ணனைக் கேட்டேன். "எனக்கு அதோட மூஞ்சியும் தெரியாது முதுகும் தெரியாது. கராஜ்ல எப்ப மறுபடி வேன் விடலாம்னு மட்டும் சொல்லு" என்றார்.

அப்படியானால் யார்?

வெள்ளிக்கிழமை. நேற்று இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று அந்தப் பழைய பொலித்தீனைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். உள்பக்கம் காய்ந்த மண் அப்பியிருக்கிறது, ஓர் இடத்தில் மட்டும். மடிப்பின் நீளத்துக்கு ஒரு கோடு, அதன் இரண்டு பக்கமும் இரண்டு திட்டு. பொலித்தீன் தலையில் படாமல் இருக்க ஒரு தடியை முட்டுக் கொடுத்திருந்தோமே, அது சரிந்து பலகைக்குப் பின்னால் கிடக்கிறது. தடி சரிந்து, ஈரத்துணியின் பாரத்தோடு பொலித்தீன் இரண்டு நாளும் அவள் தலையை அழுத்தியிருக்கிறது.

குழிகளும் மூக்கும் அந்தப் பிளவும் அப்படி வந்தவைதான். நீ பார்த்தது யாருடைய கையும் இல்லை.

சிரிக்கலாம் போலவும் இருக்கிறது, தலையில் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருக்கிறது. வந்துவிடேன்.

கிறேஸ்


நாவலப்பிட்டி
26 ஜூன் 2024

கிறேஸ்,

உன் கடிதத்தை வாசித்ததும் பெரிய பாரம் இறங்கியது. நீ என்னை ஏமாற்றவில்லை. அல்ஹம்துலில்லாஹ். உன்மேல் இருந்த கோபம் அந்த நிமிடமே போய்விட்டது.

ஆனால் அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. பொலித்தீன் குழி வைத்தது, சரி. உதட்டை அது வைக்கவில்லை. உதட்டை வைத்தது நான்தான்.

அன்று காலை நடந்ததைப் போன கடிதத்தில் முழுவதும் எழுதவில்லை. ஒளிக்க நினைத்து விட்டதில்லை. எழுதப் போனால் எனக்கே பிடிபடவில்லை. அந்தப் பிளவு மூச்சுத் திணறுகிறவளின் வாய்போல இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அதை மூடிவிடத்தான் கையை வைத்தேன். கையை எடுத்தபோது உதடு இருந்தது. எவ்வளவு நேரம் செய்தேன் என்று தெரியாது. என் மனம் செய்யாதே என்றதை என் கை சந்தோஷமாகச் செய்திருக்கிறது. அந்தச் சந்தோஷம்தான் என்னைப் பயமுறுத்தியது. உன்மேல் கோபப்படுவது அதைவிட இலேசாக இருந்தது.

ராத்தா என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டா, "ஆராச்சும் ஒனக்கு செய்ய வாணாம் என்டு சொன்னாங்களா?"

"இல்ல ராத்தா."

"மச்சான் ஏதும் சொன்னாரா?" தன் புருஷனைத்தான் சொன்னா.

"அவருக்கு நான் சட்டி பானை செய்ற என்டுதான் நெனப்பு."

"அப்ப என்னத்துக்கு புள்ள அழுற?"

யாராவது தடுத்திருந்தால் அவர்களோடு சண்டை பிடித்திருப்பேன். தடுப்பதும் நான், செய்வதும் நான். யாரோடு சண்டை பிடிக்க?

இங்கேயும் சும்மா இருக்க முடியவில்லை. செங்கல் சூளைக்காரரிடம் ஒரு சாக்கு மண் வாங்கிப் பின் விறாந்தையில் வைத்திருக்கிறேன். மண்ணில் மணல் கூடுதல். திரி உருட்டினால் உடைகிறது. அதனால் பலகைபோலத் தட்டி, வளைத்து நிறுத்துகிறேன். ஸ்டேஷனில் கோச்சிக்குக் காத்து நிற்கிறவர்களின் முதுகுகள். ஒரு தோளில் பை தொங்குவதால் மற்றத் தோள் ஏறியிருக்கும் அல்லவா, அதைத்தான் பிடிக்கப் பார்க்கிறேன். முதுகு செய்யும்போது பயம் வருவதில்லை.

அவளுடைய முகத்தைச் சுரண்டி எடுத்துவிட முடியுமா? கண்காட்சிக்கு முகமில்லாமல் கொடு.

றலியா


அம்பிட்டிய
1 ஜூலை 2024

றலியா,

முடியாது. அது உனக்கும் தெரியும். இப்படிக் காய்ந்த பிறகு கத்தியை வைத்தால் பொருக்குப் பொருக்காகக் கழன்றுவிடும். முகத்தை மட்டும் நனைத்தால் ஈரத்துக்கும் காய்ந்ததற்கும் நடுவில் வெடித்துக் கழுத்தோடு போகும்.

இரண்டே வழிதான். சுட்டால் என்றைக்கும் இருப்பாள். தண்ணீரில் போட்டால் வெறும் மண்ணாகிவிடுவாள். மழைக்காலம், சூளையை மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும், ஆற விட வேண்டும். பத்தாம் திகதிக்குள் நான் தொடங்கியாக வேண்டும்.

ஒன்று சொல்லட்டுமா? எனக்கும் கோபம் வருகிறது. உன் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவளுடைய முதுகெலும்பு என்னுடையது. அந்த முழங்கால்களை மூன்று தரம் விழுத்தி மூன்று தரம் கட்டினேன். உள்ளே தாங்குசுவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தேன்! உன் கை செய்த சந்தோஷத்துக்கு என் முழங்கால்கள் ஏன் கரைய வேண்டும்?

இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

எனக்கு ஒரு சொல் எழுது. சுடு, அல்லது கரை. நீ சொல்வதைச் செய்கிறேன்.

கிறேஸ்


நாவலப்பிட்டி
7 ஜூலை 2024

கிறேஸ்,

சுடு.

ஒரு சொல் கேட்டாய், எழுதிவிட்டேன். ஆனால் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு நாள் எடுத்தது ஏன் என்று சொல்ல வேண்டும்.

உன் கோபம் எனக்கு நல்லது செய்தது. அவள் முழுவதும் என் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் முழங்கால்களை நான் மறந்தே போனேன். என் மனச்சாட்சிக்காக என் கையை நிறுத்தலாம். உன் ஆறு வருடத்தைக் கரைக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

என் பெயரைப் போடாதே. வெட்கத்தால் சொல்லவில்லை. அந்த உதடு என்னுடையதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, தெரியாததன் கீழே கையெழுத்துப் போட முடியாது. நிலூஷா மிஸ்ஸிடம் அப்படியே சொல்.

சூளை ஆறுமுன் திறந்துவிடாதே. உனக்கு முடிப்பதில்தான் பொறுமை, திறப்பதில் இல்லை.

றலியா


அம்பிட்டிய
7 ஜூலை 2024

றலியா,

இன்று ஞாயிறு. உன் பதில் வரவில்லை. நாளையும் வராது என்று எனக்குத் தோன்றிவிட்டது. நீ பேசாமல் இருப்பதே பதில் என்று நினைத்தேன். சுடச் சொன்னால் உன் மனம் நோகும், கரைக்கச் சொன்னால் என் மனம் நோகும். அதனால்தான் எழுத மாட்டாமல் இருக்கிறாய். அந்தப் பாரத்தை உன் தலையில் வைத்தது நான்தானே, நானே இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பூசை முடிந்து வந்து, அண்ணனைத் தூக்கச் சொல்லி, அவளைப் பெரிய நீல பேசினில் உட்கார வைத்தேன். "இவ்ளோ பாடுபட்டுட்டு என்ன புள்ள செய்ற? பைத்தியமா ஒனக்கு?" என்றார். தண்ணீர் விட்டேன்.

இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. உஸ்ஸென்று குமிழி விட்டுக்கொண்டு பாதங்கள் போயின. பிறகு முழங்கால்கள். உட்கார்ந்திருந்தவள் மெதுவாக முன்னால் குனிந்து, முகம் தண்ணீரில் படும்படி சரிந்தாள். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் போனது அந்தக் கீழுதடா, நான் அப்படி நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

நிலூஷா மிஸ்ஸுக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்கு நிம்மதி கிடைத்தால் போதும்.

கிறேஸ்


நாவலப்பிட்டி
11 ஜூலை 2024

கிறேஸ்,

என் "சுடு" உன் கைக்குக் கிடைத்திருக்கும். உன் கடிதம் என் கைக்குக் கிடைத்தது. விறாந்தையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ராத்தா ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டா, நான் அப்படி அழுதிருக்கிறேன்.

எனக்கு நிம்மதி இல்லை. நீ என்மேல் வைத்திருக்கும் அன்புக்கு நன்றி சொல்லவும் முடியவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது. நீ மறுபடியும் என்னைக் கேட்கவில்லை! தபால் பிந்தியதை என் பதில் என்று வாசித்தாய். நான் பொலித்தீன் மடிப்பை உன் கை என்று வாசித்தேன். நீ என் உதட்டை என் சம்மதம் என்று வாசித்தாய். ஒரே மேசையில் இத்தனை வருடம் வேலை செய்தோம், ஒருவரையொருவர் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டிருந்தால் அவள் இன்று இருந்திருப்பாள், அல்லது நாம் இருவரும் சேர்ந்து கரைத்திருப்போம்.

சனிக்கிழமை வருகிறேன். அவளைக் கரைத்த மண்ணை வாளியில் போடாதே, நான் பார்க்க வேண்டும். என் முதுகுகளையும் கொண்டுவருகிறேன். ஒன்பது நிற்கின்றன. உன் சூளையில் இடம் தருவாயா? இதைக் கேள்வியாகவே கேட்கிறேன். இல்லை என்றாலும் வருவேன்.

றலியா


கொழும்பு
20 ஓகஸ்ட் 2024

கிறேஸ்,

கண்காட்சித் திறப்புக்கு நீ வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் வரவில்லை?

அவளுக்குப் பதிலாக எடுத்துக்கொண்ட ஒன்பது முதுகுகளையும் நிலூஷா மிஸ் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்காமல், கூடத்தின் நடுவில் வைத்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு சுற்றுச் சுற்றி முன்பக்கம் போகிறார்கள். அங்கே வெறும் உள்கூடு, உன் விரல் படாத கரடான மண். சிலர் ஏமாந்து போகிறார்கள். ஒரு பெரியவர் மட்டும் நெடுநேரம் பின்னாலேயே நின்றார். என்னிடம் வந்து, "இவங்க எங்க போறாங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பெயர்ப்பலகையில் என் பெயர் மட்டும் இருப்பதைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

முகம் செய்யலாமா என்பது இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியாமலே வேலை செய்ய முடிகிறது. அது போதுமா என்றும் தெரியவில்லை.

உனக்கு என்மேல் கோபமா? பார்த்துப் புரிந்துகொள்ள நீ இங்கே இல்லை. அதனால் கேட்கிறேன்.

றலியா


அம்பிட்டிய
25 ஓகஸ்ட் 2024

றலியா,

கோபம் இல்லை. பொறாமை இருக்கிறது. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

சூளையில் அடுக்க முன்னால், உன் கடைசி முதுகு இன்னும் பாதி காய்ந்த தோல் பதத்தில் ஈரமாக இருந்தபோது, நீ தேத்தண்ணீர் குடிக்க உள்ளே போனாய். தோளெலும்பின் கீழே இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. விரல் போய்விட்டது. திரும்ப எடுத்தேன். நீ வந்ததும் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "வாணாம் கிறேஸ், அது அப்படியே ஈக்கட்டும்" என்றாய். அது அப்படியேதான் கொழும்புக்குப் போனது. நீ சொன்னது சரி என்று சுட்ட பிறகுதான் பார்த்தேன்.

அன்றைக்கு விளங்கியதுதான் என்னைத் திறப்புக்கு வரவிடவில்லை. ஆறு வருடமாக உன் வேலையை முடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தன்னுடையது என்று ஒன்றும் இல்லை. அந்த மண் பெண்ணின் முழங்கால்கள் என்னுடையவை என்று எழுதினேனே, அவைகூட நீ வரைந்து காட்டிய முழங்கால்கள்தான். உன் முதுகுகளின் பக்கத்தில் நின்று, "நீங்களும் சிற்பியா?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று பயந்தேன்.

அதனால் திறப்பு நாளன்று கராஜில் இருந்தேன். பலகையைக் கழுவி முன்னால் வைத்தேன். காலையிலிருந்து மத்தியானம்வரை ஒன்றும் செய்யவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன, தியானமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு ஒரு திரி உருட்டி வைத்தேன். எதற்கு என்று தெரியாது. அதன்மேல் இன்னொன்று. நேராகப் போகாமல் ஒரு பக்கம் சாய்கிறது. வழக்கமாக உன் சாய்வுகளை நான் நிமிர்த்துவேன். இதை நிமிர்த்துவதா, சாயவிடுவதா என்று சொல்லித் தர யாரும் இல்லை. சாயவிட்டிருக்கிறேன்.

இன்றைக்கு அது என் முழங்கை உயரம். பாத்திரமா, ஆளா, மரமா, எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

ஈரமாக வைத்திருக்கிறேன். நீ வந்தால் பார். தொடாதே. ஏதாவது தோன்றினால் கேள், யோசித்துச் சொல்கிறேன்.

கிறேஸ்